'ஏன்' என்ற கேள்விக்குச் சட்டத்தில் இடமில்லை

— வீட்ல பேசிக்கலாம்னு சொல்றேன்ல? எழுந்திரு. பின்னால ஆளு நிக்குது.

— நானும் ஆளுதாங்க. இதோ டோக்கன், பதினேழு. முக்கால் மணி நேரமா அந்த ஆடுற பெஞ்சுல உக்காந்து வாங்கினது. பின்னால ஒருத்தரும் நிக்கல. பதினெட்டாம் நம்பர் தாத்தா தூங்கிட்டாரு, பாருங்க.

— கட்டின பொண்டாட்டி டோக்கன் கிழிச்சுக்கிட்டு வந்து நிக்கிற இடமா இது? தையல்கடைய யாரு பாத்துக்கறா?

— பூட்டிட்டு வந்தேன். உங்க தலைக்கு மேல என்ன போர்டு மாட்டியிருக்கு? 'தகவல் பிரிவு. யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம்.' அதுக்குக் கீழ பொடி எழுத்துல 'தகவல் எழுத்தரின் மனைவி தவிர'ன்னு இருக்கா? கண்ணாடி போட்டுப் பாத்துட்டேன். இல்ல.

— உனக்கு என்ன தெரியணும்? வாயத் தொறந்து கேட்டா வீட்ல சொல்ல மாட்டேனா?

— மாட்டீங்க. வீட்ல கேட்டா 'பாக்கலாம்'பீங்க. ரெண்டாந்தடவை கேட்டா 'பாத்துட்டுத்தான் இருக்கேன்'பீங்க. மூணாந்தடவை கேட்டா துண்ட எடுத்துக்கிட்டுக் குளிக்கப் போயிடுவீங்க. இங்க கேட்டா முப்பது நாள்ல எழுத்துல பதில் வந்தாகணும். ஊரே உங்களப் பாராட்டுது. 'அந்த எழுத்தர்கிட்ட மனு போட்டா கிணத்துல போட்ட கல்லு மாதிரி கிடக்காது, பதில் வந்துடும்'னு. கேக்கக் கேக்க எனக்குப் பொறாமையா இருக்கு.

— கொஞ்சம் மெதுவாப் பேசு.

— மனு வாங்க மாட்டேன்னு சொல்றீங்களா? சொல்லுங்க. வாங்கலைன்னா மாடியில ஆபீசர்கிட்ட மேல்முறையீடு. அதுவும் போர்டுல இருக்கு.

— சரி. உக்காருங்க.

— என்னது?

— உக்காருங்கன்னேன். அதாவது, மனுன்னு வந்துட்டா எதிர்ல யாரா இருந்தாலும் மரியாதையாத்தான் பேசணும். இங்க அதுதான் முறை.

— அம்மாடி! கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். இன்னிக்குத்தான் 'ங்க' வருது. இன்னொரு தடவை சொல்லுங்களேன்.

— மனுதாரர் தயவுசெஞ்சு உக்காருங்க.

— உக்காந்தாச்சு. இதுக்காகவே வாரத்துக்கு ஒரு மனு போடலாம் போலிருக்கே.

— மனுவக் குடுங்க. என்ன இது? 'இடுப்பு முப்பத்தாறு, நீளம் நாப்பது, பின்பக்கம் ஒரு பாக்கெட்...'

— திருப்புங்க. அளவுச் சீட்டுக்குப் பின்பக்கம் காலியா இருந்துச்சு. வெள்ளத்தாள்லதான் கேக்கணும்னு சட்டத்துல இருக்கா?

— இல்ல. சரி. 'அனுப்புநர்: கடைவீதித் தையல்காரி. கேள்வி ஒன்று: இந்த அலுவலகத்தின் தகவல் எழுத்தருக்கு இதுவரை எத்தனை முறை பதவி உயர்வு தரப்பட்டது? கேள்வி இரண்டு: அதற்கு அவர் எழுதிக்கொடுத்த பதில்களின் நகல் வேண்டும்.' இவளே! இத யாரு உனக்கு...

— 'ங்க'.

— இத யாரு உங்களுக்குச் சொன்னாங்க?

— மூணாவதையும் படிங்க. சத்தமா.

— 'கேள்வி மூன்று: ஏன்?'

— அதேதான். ஏன்?

— மூணாவது செல்லாது.

— ஏன்?

— அதாவது, ஏன்ங்கிற கேள்விக்குச் சட்டத்துல இடமில்ல. கோப்புல என்ன இருக்கோ அதத்தான் கேக்கலாம். ரோடு எப்பப் போட்டீங்கன்னு கேக்கலாம். எவ்வளவு நீளம்னு கேக்கலாம். ஏன் இவ்வளவு கோணலாப் போட்டீங்கன்னு கேக்க முடியாது. தாள்ல இருக்கறது தகவல். மனசுல இருக்கறது தகவல் இல்ல.

— பிரமாதமான சட்டம். புருஷன்மாருங்க ஒண்ணாக் கூடி உக்காந்து எழுதினாப்ல இருக்கு.

— யாரு சொன்னாங்கன்னு கேட்டேன்.

— உங்க ஆபீசரோட சம்சாரம், ஆபீசரம்மா. நேத்து ரவிக்கை அளவு குடுக்க வந்தாங்க. கழுத்துல டேப் வச்சிருக்கேன், அந்த நேரம் பாத்து சொல்றாங்க: 'இந்தத் தடவையாவது உன் வீட்டுக்காரர ஒத்துக்கச் சொல்லும்மா. மூணு தடவை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாரு. மேலிடத்துக்குப் பதில் சொல்லிச் சொல்லி எங்க வீட்டுக்காரருக்கு வாய் வலிக்குது.' நான் டேப்ப இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டேன். 'மூச்சு முட்டுது, விடும்மா'ன்னு அவங்க கத்தின பிறகுதான் எனக்கு உசுரு வந்துச்சு.

— அந்தம்மாவுக்கு வாய் சும்மாவே இருக்காது.

— அந்தம்மா வாயில உண்மை இருந்துச்சு. உங்க வாயில என்ன இருந்துச்சு? மூணு தடவையும் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து, 'இந்த வருஷமும் லிஸ்ட்ல பேர் வரல'ன்னு சொன்னீங்க. நானும் ஏமாளி மாதிரி, மனுஷன் உடைஞ்சு போயிட்டாரேன்னு ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புதுச்சட்டை தைச்சுக் குடுத்தேன். மூணு சட்டை!

— மூணும் நல்ல சட்டைங்க. அந்தக் கோடு போட்டது தோள்ல அப்படியே உக்காரும்.

— பேச்ச மடிச்சுத் தைக்காதீங்க. இதோ நாலாவது. உங்க சட்டைப் பை தையல் விட்டிருக்கேன்னு எடுத்தேன், உள்ள எட்டா மடிச்சு இருந்துச்சு. 'தாங்கள் கண்காணிப்பாளராகப் பதவி உயர்த்தப்படுகிறீர்கள். பணியிடம்: தலைமை அலுவலகம். சம்மதத்தையோ மறுப்பையோ மாலை ஐந்து மணிக்குள் எழுத்தில் தர வேண்டும். இம்முறையும் மறுத்தால் இனி எப்போதும் தங்கள் பெயர் பரிசீலிக்கப்பட மாட்டாது.' கெடு முடியற தேதி இன்னிக்கு. மணி இப்ப மூணே முக்கால்.

— இதையும் படிச்சாச்சா?

— தைக்கறதுக்கு முன்னாடி பையில என்ன இருக்குன்னு பாக்கறது எங்க தொழில்ல முறை. நீங்க இன்னும் எழுதிக் குடுக்கல, இல்ல?

— இல்ல. மேஜைலதான் இருக்கு. எழுதணும்.

— மறுபடி வேண்டாம்னு?

— மனுவுக்குப் பதில் சொல்ல எனக்கு முப்பது நாள் அவகாசம் இருக்கு.

— எனக்கு ஒண்ணேகால் மணி நேரம்தாங்க இருக்கு. கோப்பு இந்தச் சுவத்துக்குப் பின்னால இருக்கு, கடல் தாண்டி இல்ல.

— தவிர, இது ஒரு தனிமனுஷரைப் பத்தின தகவல். சம்பந்தப்பட்டவர் சம்மதம் இல்லாம வெளிய தர முடியாது.

— சம்பந்தப்பட்டவர் எதிர்லதான் உக்காந்து திருதிருன்னு முழிச்சுட்டு இருக்காரு. கேளுங்க அவர. சம்மதமா, இல்லையா? இல்லைன்னா இன்னிக்குச் சாயங்காலம் நம்ம வீட்டுக் கதவத் தொறக்கறதும் மேல்முறையீட்டுலதான் முடிவாகும்.

— சம்பந்தப்பட்டவர் யோசிக்கறாரு.

— ஹச்! ஹச்! யாரு சாமி அது, கவுண்டர்ல? அட, ராசாத்தி! நீயா?

— வாங்க, ஆவண அறை அக்கா. உங்களத்தான் எதிர்பாத்துட்டு இருந்தேன். இவரோட கோப்பு ஒண்ணு வேணும்.

— தெரியும் கண்ணு. நான் அலமாரிக்குப் பின்னால தூசி தட்டிக்கிட்டு இருந்தேன், காது இங்கதான் இருந்துச்சு. மூணாவது அலமாரி, ரெண்டாவது தட்டு. இதோ, எடுத்துக்கிட்டே வந்துட்டேன்.

— உங்கள யாரு கேட்டா, அக்கா?

— மனு கேட்டா கோப்பு வரணும்னு பதினாலு வருஷமா என் உசுர வாங்கறது யாரு சாமி? சாக்கடைக் குழாய் வரைபடம் வேணும்னு அறுவது வயசுக்காரிய ஏணியில ஏத்தினது யாரு? இப்ப உங்க கோப்புன்னதும் கசக்குதோ? ஊருக்குத்தான் உபதேசமோ?

— கையெழுத்துப் போட்டு வாங்காம கோப்பு மேஜைக்கு வரக்கூடாது.

— போட்டுட்டேன். உங்க பேர்லயே போட்டுட்டேன். ஹச்! இந்தத் தூசி ஒருநாள் என்னைக் கொன்னுடும். இந்தா ராசாத்தி, பிடி.

— முழங்கைய எடுங்க.

— கோப்பு கிழிஞ்சிடும்.

— கிழிஞ்சா நான் தைக்கறேன். எடுங்க. இது முதல் கடிதம், ஒன்பது வருஷம் முன்னாடி. 'ஐயா, எனக்கு வழங்கப்பட்ட பதவி உயர்வைக் குடும்பச் சூழ்நிலை காரணமாக ஏற்க இயலவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.' குடும்பச் சூழ்நிலையா? ரெண்டாவதப் பாப்போம். 'ஐயா, முன்னர் தெரிவித்த குடும்பச் சூழ்நிலை தொடர்வதால்...' தொடருதா? மூணாவது. 'ஐயா, மேற்கண்ட சூழ்நிலையில் எந்த மாற்றமும் இல்லை.' ஏங்க, நம்ம குடும்பத்துல மொத்தம் எத்தனை பேரு?

— ரெண்டு.

— அதுல ஒருத்தர் நீங்க. அப்ப சூழ்நிலை யாரு?

— அத ஏன் கண்ணு கேக்கறே? இங்க உன் பேரே அதுதான். நீ வாசப்படி ஏறும்போதே, 'எழுத்தர் சார், சூழ்நிலை வந்துட்டு இருக்கு'ன்னு வாட்ச்மேன் குரல் குடுப்பான். நாங்கெல்லாம் எழுந்து நிப்போம்ல?

— மரியாதைக்கு நிக்கறீங்கன்னு நெனச்சேனே, அக்கா!

— பயந்துதான் ராசாத்தி. இந்த மனுஷன் வேலைக்கு வேலை, நேரத்துக்கு நேரம்னு இருக்கறவரு. இவர மூணு தடவை பதவிய வேண்டாம்னு சொல்ல வச்சவ எப்பேர்ப்பட்டவளா இருப்பான்னு நாங்க பேசாத பேச்சில்ல. டைப்பிஸ்ட் பொண்ணு உன்கிட்டத் துணி தைக்கக் குடுத்துட்டு, சின்னதாப் போனாலும் வாயத் தொறக்காம அப்படியே போட்டுக்கிட்டு வருது.

— பாத்தீங்களா? என்னை ராட்சசியாக்கி வச்சிருக்கீங்க. நான் உங்களப் போகாதேன்னு சொன்னேனா? ஒரு நாள், ஒரு வார்த்தை?

— நீ சொல்லல.

— அப்புறம் ஏன்?

— ஏன்ங்கிற கேள்விக்கு...

— சட்டத்துல இடமில்ல. கேட்டாச்சு. இந்த வேலையே போதும்னு நெனச்சீங்களா? சொல்லுங்க, ஒத்துக்கறேன். அங்க போனா கம்ப்யூட்டர்ல எழுதணும்னு பயமா? அதையும் ஒத்துக்கறேன். இல்ல, என்னை விட்டுப் போக மனசில்லையா? அதச் சொன்னா கடையத் தொறந்து வச்சு இன்னொரு சட்டை தைச்சுத் தரேன். எதையாவது சொல்லுங்க. மென்னு முழுங்காதீங்க.

— தண்ணி வேணுமா?

— வேண்டாம். பொறுமை வேணும். அக்கா, நீங்களும் உக்காருங்க. இனி நான் சொல்றதுக்கு ஒரு சாட்சி இருக்கட்டும். இவரு குட்டு மட்டும் உடைஞ்சாப் போதாது. என் பக்கமும் ஒண்ணு இருக்கு.

— ஆகா! உக்காந்தேன். பதினெட்டாம் நம்பரும் முழிச்சிட்டாரு போல.

— அவரும் கேக்கட்டும். ஏங்க, ஒன்பது வருஷம் முன்னாடி உங்களுக்கு முதல் தடவை பதவி உயர்வு வரப்போகுதுன்னு கேள்விப்பட்டேன். நீங்க சொல்லல. துணி தைக்க வந்த யாரோ பேசிக்கிட்டாங்க. அப்பத்தான் கடை தொறந்திருந்தோம். நான் நேரா உங்க ஆபீசருக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் வீட்டுக்காரர இப்ப வெளியூருக்கு அனுப்பாதீங்கன்னு.

— ம்.

— 'ம்'மா? குதிப்பீங்கன்னு பாத்தேன்.

— கேட்டுக்கிட்டு இருக்கேன். சொல்லு.

— போட்ட நாள்லேருந்து எனக்குத் தூக்கம் இல்ல. அடுத்த மாசம் வந்து 'லிஸ்ட்ல பேர் வரல'ன்னு சொன்னீங்க. நாமதான் கெடுத்துட்டோம்னு நெனச்சேன். ரெண்டாந்தடவையும் வரல. மூணாந்தடவையும் வரல. ஒரு கடிதத்தால ஆபீசர் கருவிக்கிட்டுப் பழிவாங்கறாருன்னே முடிவு பண்ணிட்டேன். அதனாலதான் ஒன்பது வருஷமா ஆபீசரம்மா துணி கடைக்கு வந்தா, கல்யாணப் பொண்ணு துணியா இருந்தாக்கூட ஒதுக்கி வச்சுட்டு அத முதல்ல தைக்கறேன். அந்தம்மாவுக்கு நான் பூ வேலை போட்ட நேரத்துல ஒரு ஊருக்கே துணி தைச்சிருக்கலாம். எல்லாம் உங்களுக்காக.

— நான் அவங்க மேல உனக்குப் பாசம்னு நெனச்சேன்.

— பாசமா? அந்தம்மா இடுப்பளவ ஒரு தடவையாவது உண்மையாச் சொல்லியிருக்காங்களா? நேத்து அவங்க வாயால, நீங்களே வேண்டாம்னு எழுதிக் குடுத்தீங்கன்னு தெரிஞ்சதும், முதல்ல ஒரு நிமிஷம் நிம்மதியா இருந்துச்சுங்க. நான் கெடுக்கல, அவரா வேண்டாம்னிருக்காருன்னு. அடுத்த நிமிஷமே ஒரு கேள்வி வந்துடுச்சு. அப்ப என் கடிதம் என்ன ஆச்சு? ஒருவேளை ஆபீசர் உங்களக் கூப்பிட்டு, 'உன் பொண்டாட்டி இப்படி எழுதியிருக்கா'ன்னு அசிங்கப்படுத்தி, நீங்க வேற வழியில்லாம எழுதிக் குடுத்தீங்களா? என்னால தலை குனிஞ்சு நின்னீங்களா? அத மட்டும் எனக்குத் தெரிஞ்சாகணும். அதுக்குத்தான் டோக்கன் எடுத்தேன்.

— அழாதே. கவுண்டர்ல யாரும் அழுதது இல்ல.

— அழல. அக்கா தட்டின தூசி. எழுதிக்குங்க, கேள்வி நாலு: அந்தக் கடிதத்தோட நகல் வேணும்.

— அப்படி ஒரு கடிதம்...

— சொல்லுங்க.

— ஒன்பது வருஷத்துத் தாளு. எலி, கரையான்னு எவ்வளவோ இருக்கு.

— என்ன சாமி இது? என் அறையில எலியா? என் முகத்தப் பாத்துச் சொல்லுங்க! நாப்பது வருஷத்துல ஒரு தாளு ஒரு ஓரம் கடிபட்டது கிடையாது. வந்த தபால் எல்லாத்துக்கும் நம்பர் உண்டு. நம்பர் இருந்தா கட்டுல இருக்கும்.

— அக்கா, உங்க வேலையப் பாருங்களேன்.

— இதுதானே சாமி என் வேலை?

— சரி, சண்டை வேண்டாம். ஏங்க, ஒண்ணு செய்யுங்க. 'அப்படி ஒரு கடிதம் இந்த அலுவலகத்தில் இல்லை'ன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் குடுங்க. இந்தக் கவுண்டர்லேருந்து போன பதில்ல ஒண்ணுகூடப் பொய் இல்லைன்னு ஊர் சொல்லுது. நானும் நம்பிட்டு எழுந்து போயிடறேன். இந்தாங்க பேனா.

— குடு.

— எழுதுங்க. 'அப்படி ஒரு கடிதம்'...

— பேனா எழுதல.

— அது என் பேனா. இப்பத்தான் மனு எழுதினேன்.

— சாமி, உங்க கை எழுதல. அத ஒத்துக்குங்க. பதினாலு வருஷத்துல முதல் பொய்யி, கொஞ்சம் சிரமமாத்தான் இருக்கும். ராசாத்தி, நீ இரு. நான் உள்ள போயி அந்த வருஷத்துத் தபால் கட்டையே தூக்கிட்டு வரேன். ஹச்!

— அக்கா, நில்லுங்க! போயிட்டாங்க. நீ ஏன் இப்படிக் குடையறே?

— 'ங்க' போச்சா?

— போச்சு. இப்ப என் பொண்டாட்டிகிட்டப் பேசறேன். ஒன்பது வருஷத்துக் கடிதத்த இப்ப எடுத்து என்ன பண்ணப் போறே?

— கிழிக்கணும். அது முடியாதுன்னா வாபஸாவது வாங்கணும். நாலே மாசத்துல கடை நிலைச்சு நின்னுடுச்சு. ஆரம்பத்துல இருந்த கை நடுக்கமும் போச்சு. அப்பவே எனக்குத் தெரியும், தையல் மெஷின எந்த ஊர்ல வச்சாலும் அதே தையல்தான் போடும்னு. தலைமை அலுவலகம் இருக்கற ஊர்ல துணி இல்லாமயா நடக்கறாங்க? நீங்க போனா நானும் வரேன். அத நான் எட்டரை வருஷத்துக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டேன்.

— என்ன சொன்னே?

— வரேன்னேன்.

— இல்ல, எப்ப முடிவு பண்ணினேன்னே?

— எட்டரை வருஷத்துக்கு முன்னாடி. ஏன் ஒரு மாதிரி ஆயிட்டீங்க?

— ஒண்ணுமில்ல. அத ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம்ல?

— யாருக்கு?

— ஆபீசுக்குத்தான். ஒரு மனு போட்டா, அத வாபஸ் வாங்கற வரைக்கும் அது நிலுவைலதான் இருக்கும். அதுதான் முறை. போட்டவங்களுக்கு மனசு மாறிடுச்சுன்னு இந்தப் பக்கம் உக்காந்திருக்கறவனுக்கு எப்படித் தெரியும்?

— அனுப்பின கடிதத்தத் திருப்பிக் கேக்கலாம்னு எனக்கு யாருங்க சொன்னா? சொல்ல வேண்டிய புருஷன்கிட்டதான் மறைச்சு வச்சிருந்தேனே.

— கேக்கலாம். தாராளமாக் கேக்கலாம். இந்தா, வெள்ளத்தாள். எழுதிக் குடு.

— இப்பவா?

— இப்பவேதான். மணி நாலரை ஆச்சு. 'ஐயா, நான் முன்பு எழுதிய கடிதத்தில் கேட்டுக்கொண்டதை இதன் மூலம் திரும்பப் பெறுகிறேன்.' எழுது. வேகமா.

— இருங்க, இருங்க. கத்திரியக் கையில குடுத்துட்டு ஓடுன்னு விரட்டற மாதிரி இருக்கு. 'திரும்பப் பெறுகிறேன்.' எழுதியாச்சு.

— யாரோட வற்புறுத்தலும் இல்லாம, முழு மனசோடதானே எழுதறே? எழுத்துல குடுத்துட்டா அப்புறம் அங்க வந்து, 'ஏன் கூட்டிட்டு வந்தீங்க'ன்னு கேக்கக்கூடாது.

— ஏன்ங்கிற கேள்விதான் செல்லாதே. கேக்க மாட்டேன். வாடிக்கைக்காரங்கள நெனச்சாக் கொஞ்சம் வருத்தமா இருக்கு. ஆபீசரம்மாவ நெனச்சா அதுவும் இல்ல.

— கையெழுத்து. இங்க. தேதி. குடு, முத்திரை வைக்கறேன். இந்தா, உனக்கு ரசீது.

— ஏங்க, முத்திரையத் தலைகீழாக் குத்திட்டீங்க.

— இருக்கட்டும். அந்தச் சம்மதப் படிவத்த இப்படித் தள்ளு. பேனாவக் குடு.

— இப்ப மட்டும் பேனா எழுதுதா?

— நல்லா எழுதுது. 'பதவி உயர்வை மகிழ்ச்சியுடன் ஏற்கிறேன். குடும்பச் சூழ்நிலை சாதகமாக உள்ளது.' எப்படி?

— சாதகமா இருக்கேன்னு சொல்றீங்க. அப்படிப் போடுங்க! ஆனா இது என்னங்க கூத்து? ஒன்பது வருஷமா மூணு தடவை மாட்டேன்னு நின்ன மனுஷன், ஒரு சீட்டு எழுதிக் குடுத்ததும் இப்படிப் பறக்கறீங்க?

— மாடிக்குப் போயி ஆபீசர் கையில குடுத்துட்டு வந்துடறேன். அவரு அஞ்சுக்குக் கிளம்பிடுவாரு. நீ வீட்டுக்குப் போ. அக்கா அந்தக் கட்டத் தூக்கிட்டு வந்தா, வேண்டாம்னு சொல்லிடு. வாபஸ் வாங்கினதுக்கு நகல் எதுக்கு?

— ஓடாதீங்க, படியப் பாத்து! போயிட்டாரு. படியில ஓடி நான் பாத்ததே இல்ல.

— ஹச்! ஹச்! எங்க உன் ஆளு?

— மாடிக்கு ஓடிட்டாருக்கா. ஒத்துக்கிட்டாரு. சம்மதம்னு எழுதிட்டாரு!

— அட ஆண்டவா! என்ன மந்திரம் போட்டே?

— எனக்கே புரியல. என் கடிதத்த வாபஸ் வாங்கறேன்னு எழுதிக் குடுத்தேன். அவ்வளவுதான். கட்டு வேண்டாம்னு சொல்லச் சொன்னாரு.

— வேண்டாமா? அட்டைப்பெட்டி நாலு இறக்கி, பல்லி ஒண்ண விரட்டி, கைய ஒடிச்சுக்கிட்டுக் கொண்டு வந்திருக்கேன். படிக்காமப் போனா எனக்குச் சோறு இறங்காது. இந்தா, உன் கடிதம். நூல் கோத்து அப்படியே இருக்கு. எலியாம், எலி!

— குடுங்கக்கா. ஐயோ, என் கையெழுத்தா இது? எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு.

— சத்தமாப் படி. எனக்குக் கண்ணாடி இல்ல.

— 'ஆபீசர் ஐயாவுக்கு. என் வீட்டுக்காரருக்கு வெளியூர் வேலை வருதுன்னு கேள்விப்பட்டேன். தயவுசெஞ்சு இப்ப அனுப்ப வேண்டாம். கடை தொறந்து பதினாறு நாள்தான் ஆகுது. ஆளுங்க முன்னாடி என் கை நடுங்குது. சாயங்காலம் அவர் வந்து பக்கத்து முக்காலியில உக்காந்தாத்தான் கத்திரி நேராப் போகுது. இத அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. சொன்னா அவர் எனக்காக நிச்சயமாப் போக மாட்டார்.'

— அடி என் தங்கமே.

— சும்மா இருங்கக்கா, எனக்கே வெக்கமா இருக்கு. நல்லவேளை, ஆபீசர் இத இவர்கிட்டக் காட்டிக் குடுக்கல போலிருக்கு.

— ஆபீசர் எங்க பாத்திருப்பாரு? உறை மேல 'தனிப்பட்டது'ன்னு எழுதினியா?

— இல்லையே. எழுதணுமா?

— எழுதலைன்னா அது மாடிக்கே ஏறாது கண்ணு. கீழ தபால் மேஜைல பிரிச்சுப் படிச்சு, மூலைல என்ன முடிவுன்னு ஒரு வரி எழுதி, இங்க கட்டுல சேத்துடுவாங்க. திருப்பிப் பாரு, மூலைல ஏதோ நீல மையில இருக்கே.

— ஆமா, இருக்கு. 'படித்தேன். கோரிக்கை ஏற்கப்பட்டது.' அக்கா, இது எங்க வீட்டுக்காரர் கையெழுத்து.